கன்வர்ட்டருக்குப் பின்னால்

சுதர்ஷினிக்குப் பிடிபடாத விஷயம் இதுதான்: ஒரே கார், ஒரே பாதை, ஏறி உட்காருகிற ஆட்களும் அதே இருவர். ஒரு நாள் மேடு ஏறுகிறது, இன்னொரு நாள் ஏற மறுக்கிறது.

காலையில் தேயிலையும் ரப்பரும் கலந்த தோட்டத்திலிருந்து புளத்கொகுபிட்டிய பஜாருக்கு இறங்கும்போது ஒரு குறையும் இல்லை. அங்கிருந்து கேகாலை வரை மெயின் ரோட்டில் ஓடும்போதும் இல்லை. திரும்பி வரும்போது, பஜாரைத் தாண்டி ரப்பர் மரங்களுக்கு நடுவே தோட்டத்துப் பாதை செங்குத்தாக ஏறத் தொடங்கும் இடத்தில்தான் சனியன் பிடிக்கும். முதல் முடக்கு வளைவைத் திரும்பிவிடும். இரண்டாம் முடக்கை முக்கி முனகித் திரும்பும். மூன்றாம் முடக்கில், மாரியம்மன் கோயிலுக்குக் கீழே, யாரோ வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தியதுபோல எஞ்சின் திணறும். மிதிக்க மிதிக்கச் சத்தம்தான் கனக்கும். வேகம் செத்துக்கொண்டே போய் வண்டி நின்றுவிடும். அணைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்திருந்தால், ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி கிளம்பி ஏறும். சில நாள் அந்த நிறுத்தமும் கிடையாது. ஒரே மூச்சில் அவர்கள் குடியிருக்கும் லயத்து வாசலுக்கே வந்து நிற்கும்.

"தேர்ட்ல இழுத்திருப்ப. செகண்ட்ல போடுன்னு எத்தன தடவ சொல்றது?" என்பான் பக்கத்து சீட்டில் இருக்கும் அவள் கணவன் அஜந்தன்.

"செகண்ட்லதாங்க இருக்கு. கண்ணத் தொறந்து பாருங்க."

"அப்ப பெட்ரோல்ல தண்ணி."

"நேத்து பிளக்குன்னீங்க."

"நேத்து பிளக். இன்னைக்குத் தண்ணி. நாளைக்கு வேற ஏதாச்சும் சொல்றேன், பொறு."

அவன் பேச்சில் கிண்டல் இருக்கும். முகத்தில் இருக்காது. இந்தக் காரை ஹயருக்கு, வாடகை வண்டியாக ஓட்டித்தான் அவன் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தான். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு ஸ்டியரிங் அவளுடையதாயிற்று. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. லைசன்ஸ் எடுத்து, வாரத்தில் மூன்று நாள் அரைநேர லீவு சொல்லி, அவனைக் கேகாலை ஆஸ்பத்திரிக்கு ரத்தம் சுத்தம் செய்யும் மெஷினுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறாள். ஒரு தடவை மண் சரிந்து ரோடு மூடிக்கிடந்ததில் மெஷின் முறை தவறிப்போயிற்று. உடம்பில் தேங்கிய நீர் நெஞ்சுவரை ஏறி, படுக்க முடியாமல், தலையணையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்தே மூச்சு வாங்கினான். அதிலிருந்து காரில் ஒரு சின்னச் சத்தம் மாறினாலும் சுதர்ஷினி காலைத் தளர்த்திக் காதுகொடுத்துக் கேட்பாள். பஸ்ஸில் போகலாம்தான். போவதில் கஷ்டமில்லை. மெஷினிலிருந்து எழுந்தவனுக்குப் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். அந்த நிலையில் நெரிசலில் நின்று வந்து, பஜாரிலிருந்து மலைக்கு நடக்க வேண்டும். ஒரு தடவை பிடிவாதமாகப் போனான். கோயிலடியில் விழுந்து கிடந்தவனைக் கொழுந்தெடுக்கும் பெண்கள்தான் தூக்கிவந்தார்கள்.

போன வாரம் டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கும் எரிந்தது. அவனை மெஷினில் விட்டுவிட்டு, கேகாலையில் கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கும் ஒரு வேலைத்தளத்துக்குக் காரைக் கொண்டுபோனாள். அங்கிருந்தவர் கருவியைச் செருகிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"நோனா, கெட்டலிக் எக்க இவரயி."

கெட்டலிக் கன்வர்ட்டர் முடிந்துவிட்டது. புதிதாகப் போட மூன்றரை லட்சம். பழைய காரில் கழற்றியது என்றால் பாதி விலைக்குக் கிடைக்கும், ஆனால் எத்தனை மாதம் உழைக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சுதர்ஷினி காரின் மேல் கை ஊன்றிக்கொண்டாள். மூன்றரை லட்சம் என்பது அவளுடைய சம்பளத்தோடு ஒப்பிடக்கூடிய எண்ணே அல்ல.

"அப்படி அதுல என்னதாங்க இருக்கு?" என்று சிங்களத்தில் கேட்டாள். கோபத்தில்தான் கேட்டாள். அவர் அதை உண்மையான கேள்வியாக எடுத்துக்கொண்டு, மூலையில் கிடந்த ஒரு பழைய கன்வர்ட்டரைத் தூக்கிவந்து காட்டினார்.

வெளியே பார்த்தால் சைலன்சர் பைப்பின் நடுவில் வீங்கிய ஒரு தகரப் பெட்டி. உள்ளே ஒரு பீங்கான் கட்டி. அந்தக் கட்டி முழுக்கத் தேன்கூட்டைப்போல நுணுக்கமான துளைகள். ஒரு முனையில் கண்ணை வைத்தால் மறுமுனையில் வெளிச்சம் தெரியும். ஒவ்வொரு துளையின் சுவரிலும் தங்கத்தைப்போல விலையுள்ள உலோகங்களின் தூள் பூசியிருக்கிறது. விலையே அந்தத் தூளுக்குத்தான். எஞ்சினில் அரைகுறையாக எரிந்த நச்சுப்புகை, சூடேறிய அந்தத் துளைகள் வழியாகப் போகும்போது சுவரில் உரசுகிறது. உரசியதும் விஷம் மாறி, நீராவியும் சாதாரணக் கரியமிலவாயுவுமாக வெளியே வருகிறது. தூள் செலவாவதில்லை. பக்கத்தில் நின்று வேலையை நடத்திக்கொடுப்பதோடு சரி. கன்வர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று பைப்பில் இரண்டு சென்சர்கள் உண்டு. மூக்கு மாதிரி. முன்மூக்கு முகர்ந்த புகையும் பின்மூக்கு முகர்ந்த புகையும் ஒன்றுபோலவே இருந்தால், நடுவில் இருப்பது வேலை செய்யவில்லை என்று கம்ப்யூட்டர் மஞ்சள் விளக்கைப் போடுகிறது.

"இது ஏன் கெட்டுப்போகுது?"

"நோனா ஸ்டார்ட் கரன்னே கொஹொமத?" எப்படி ஸ்டார்ட் செய்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார் அவர்.

அவள் சொன்னாள். பேட்டரி போன வருடமே தளர்ந்துவிட்டது. காலைக் குளிரில் எஞ்சினைச் சுற்றாது. லயத்து முன்னால் பாதை நல்ல பள்ளம். அஜந்தனின் யோசனைப்படி, வீடு சேர்ந்ததும் காரைத் திருப்பி, மூக்குப் பள்ளத்தைப் பார்க்க நிறுத்திவைப்பார்கள். காலையில் சாவியைப் போட்டு, பிரேக்கை விட்டு உருள விட்டு, செகண்ட் கியரில் கிளச்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். தோட்டத்தில் லொறி முதல் மோட்டார் சைக்கிள் வரை பேட்டரி செத்த எல்லா வண்டிக்கும் அந்தப் பள்ளம்தான் ஸ்டார்ட்டர்.

அவர் சிரித்துவிட்டார். எஞ்சின் பிடித்துக்கொள்ளும் வரை உருளுகிற அந்த நேரத்தில் பெட்ரோல் எரியாமலே கன்வர்ட்டருக்குள் போகிறது. உள்ளே போய் அங்கே எரிகிறது. அடிக்கடி அப்படி எரிந்தால் பீங்கான் உருகித் துளைகள் மூடிக்கொள்ளும். துளை மூடினால் புகைக்கு வழி இல்லை. புகை வெளியேறாவிட்டால் எஞ்சினுக்குள் புதுக்காற்று வராது. மேட்டில் திணறுவது அதனாலாக இருக்கலாம் என்றார்.

திரும்பி வரும்போது அதை அஜந்தனிடம் சொன்னாள்.

"பள்ளம் சும்மாத்தானே கெடந்துச்சு," என்றான் அவன்.

"நான் உங்களக் குத்தம் சொல்லலங்க."

"மாச முடிவுல காரோட ரோட் லைசன்ஸ் முடியுதில்ல?"

"முடியுது."

"எமிஷன் டெஸ்ட் பாஸாகாம லைசன்ஸ் தர மாட்டாய்ங்க. கெட்டலிக் இல்லாம டெஸ்ட் பாஸாகாது." காலடியில் கிடந்த பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "நான் பஸ்ல போறேன் சுதா," என்றான்.

"வாய மூடிட்டு வாங்க," என்றாள் அவள். அன்று மூன்றாம் முடக்கில் கார் இரண்டு தடவை நின்றது.

அடுத்த நாள் மெஷின் இல்லாத நாள். பஜாரில் மஷூர் நானாவின் கராஜுக்குப் போனார்கள். அஜந்தன் ஹயர் ஓட்டிய காலத்திலிருந்தே பழக்கம். வந்தவுடனே ஒரு வாய்ச்சண்டை போடாமல் இருவரும் வேலையைத் தொடங்க மாட்டார்கள்.

"என்ன அஜந்தன், பொண்டாட்டியத் தள்ளவிட்டு நீ உள்ளுக்கு உக்காந்து வாரியா?"

"தள்ளுனா ஏறுது நானா. நீங்க ரிப்பேர் பண்ணுனாத்தான் ஏறுதில்ல."

மஷூர் காருக்கடியில் படுத்து, கன்வர்ட்டருக்கு முன்னாலிருந்த சென்சரைக் கழற்றினார். இப்போது பைப்பில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அடைப்பு எதுவானாலும் அதற்கு முன்னாலேயே புகை அந்த ஓட்டை வழியாகத் தப்பித்துக்கொள்ளலாம். காரை மலைக்கு ஓட்டிப் பார்த்தார். டிராக்டரைப்போல இரைந்துகொண்டு மூன்றாம் முடக்கைத் தாண்டி ஏறியது.

"கெட்டலிக்தான்," என்றார் திரும்பி வந்து. "கேகாலையான் சொன்னது சரி. அடைச்சிரிச்சி."

இனிமேல் சுதர்ஷினிக்குச் சந்தேகம் என்ற ஒரு சின்ன இடம்கூட மிச்சமில்லை.

"மூணரை லட்சமெல்லாம் ஒண்ணும் வாணாம் தங்கச்சி. நான் ஒரு வேல சொல்றன். பொட்டிய வெட்டி, உள்ளுக்கு ஈக்கிற பீங்கான் கல்ல எடுத்துட்டு, வெறுங் கூட்ட திருப்பி ஒட்டிர்றன். மேடு பிச்சிட்டு ஏறும். அந்தக் கல்ல நிறுத்து வாங்குற ஆக்கள் ஈக்கிறாங்க. அந்தச் சல்லிக்குப் புதுப் பேட்டரியே வாங்கலாம்."

"எமிஷன்?" என்றாள் சுதர்ஷினி.

"டெஸ்ட் அண்டைக்கு இன்னொரு காருட கெட்டலிக்கப் பூட்டிட்டுப் போவம். முடிஞ்சதும் கழட்டிக் குடுப்பம்."

"வருஷா வருஷம் யார்கிட்ட நானா இரவல் கேக்கிறது?"

"வெட்டுங்க நானா," என்றான் அஜந்தன். "திங்கக்கிழம நான் மெஷினுக்குப் போகணும்."

மஷூர் கிரைண்டரைப் பிளக்கில் செருகினார். வெட்டினால் வெட்டியதுதான். எடுத்த கல்லைத் திரும்ப வைக்க முடியாது; நொறுங்கிவிடும். சுதர்ஷினிக்கு மனசு ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை. கிரைண்டரின் வட்டு சுழலத் தொடங்கிய இரைச்சலில்தான் அவளுக்குப் பிள்ளைக் காம்பராவின் தண்ணீர்க் குழாய் ஞாபகத்துக்கு வந்தது.

மலை உச்சி ஓடையிலிருந்து வரும் குழாய் அது. இலையோ தவளையோ அடைத்து மாதத்துக்கு ஒரு தடவையாவது தண்ணீர் நின்றுபோகும். அப்போது அவளும் இன்னொருத்தியும் மேலிருந்து கீழே நடந்து, ஒவ்வொரு மூட்டாகக் கழற்றிப் பார்ப்பார்கள். முதல் மூட்டில் தண்ணீர் பீறிட்டால் அடைப்பு அதற்குக் கீழே எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த மூட்டுக்குப் போவார்கள். முதல் மூட்டில் தண்ணீர் வந்தது என்பதற்காக, அதற்கடுத்த குழாய்த்துண்டை யாரும் வெட்டி வீசுவதில்லை.

"நானா, நிப்பாட்டுங்க!"

வட்டின் சத்தம் அடங்கியது.

"நீங்க இப்ப தொறந்தது மொத மூட்டு. கெட்டலிக்குக்கு முன்னால. அது தொறந்தா பொக வந்திருது, கார் ஏறுது. சரி. அதுக்குப் பின்னால கெட்டலிக் மட்டுமா இருக்கு? பைப் இருக்கு, கடேசி சைலன்சர் இருக்கு. அடப்பு அங்க இருந்தாலும் கார் இப்படித்தானே ஏறும்?"

மஷூர் அவளைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டரே கெட்டலிக்னு சொல்லியிருக்கு," என்றான் அஜந்தன்.

"கம்ப்யூட்டர் மோந்துதானே பாக்குதுங்க? பொக சுத்தமாகலன்னுதான் சொல்லிச்சு. அடைச்சிருக்குன்னு அது எங்க சொல்லிச்சு? ரெண்டும் வேற வேற நோவா இருந்தா?"

"பின்னுக்கு ஈக்கிற சென்சரையும் கழட்டிப் பாக்க ஏலும்," என்றார் மஷூர் மெதுவாக. "அது கெட்டலிக்குக்கு அங்கிட்டு. ஆனா துரு பிடிச்சிரிச்சி தங்கச்சி. திருகக்குள்ள முறிஞ்சா அது வேற செலவு. அப்புறம் என்னைய ஏச ஏலா."

அவள் அஜந்தனைப் பார்த்தாள். அவனுடைய கணுக்கால் செருப்பு வாருக்கு மேலே லேசாக உப்பியிருந்தது. நாளை மறுநாள் மெஷின்.

"கழட்டுங்க," என்றாள்.

எண்ணெய் விட்டு ஊறவைத்தார். சூடாக்கினார். மறுபடி எண்ணெய். ஸ்பேனரைப் பிடித்துத் தொங்கினார். உள்ளே ஏதோ கிறீச்சிட்டபோது சுதர்ஷினி கண்களை மூடிக்கொண்டாள். முறியவில்லை, சுழன்றது.

முன் சென்சரைத் திரும்ப முடுக்கி அந்த ஓட்டையை அடைத்தார்கள். பின்னால் மட்டும் திறந்திருந்தது. அதாவது, புகை இப்போது கன்வர்ட்டருக்குள் நுழைந்தே ஆக வேண்டும். அதைக் கடந்த பிறகுதான் வெளியே வர வழி. கன்வர்ட்டர் அடைத்திருந்தால் கார் திணறும். அடைக்காமலிருந்தால் ஏறும். அவளே ஓட்டினாள். மஷூர் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் முடக்கு. இரண்டாம் முடக்கு. இரைச்சலில் மரத்தடி நாய்கள் எல்லாம் கூடவே ஓடி வந்தன. கோயில் தெரிந்தது. மிதித்தாள். கார் கோயிலைத் தாண்டியது.

"அல்லாவே," என்றார் மஷூர். "இது அடைக்கல்ல!"

"இருங்க நானா. ஒரு தடவ போதாது. சில நாள் இது சும்மாவே ஏறும்."

அவள் சொன்னது சரி. தானாக ஏறும் நாளில் செய்த சோதனை எதையும் நிரூபிக்காது. கீழே இறங்கி, பின் ஓட்டையையும் அடைத்துவிட்டு ஏறினார்கள்: மூன்றாம் முடக்கில் நின்றது. திறந்துவிட்டு ஏறினார்கள்: தாண்டியது. மறுபடி அடைத்தார்கள்: நின்றது. எஞ்சினை அணைத்ததும், நாய்களும் வாய் மூடியிருந்த அந்த ஒரு கணத்தில், காரின் வால்பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஒரு தட்டு விழுந்தால் கேட்கும் சத்தம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கராஜுக்கு வந்து, கன்வர்ட்டருக்காக எடுத்துவைத்த கிரைண்டரால் பின் சைலன்சரை வெட்டினார் மஷூர். அந்தப் பெட்டிக்குள் சத்தத்தைத் தணிப்பதற்காகத் தகரத் தடுப்புகள் இருக்கும். அவற்றில் ஒன்று துருவில் விளிம்பு தின்னப்பட்டு, ஒட்டு விட்டு, உள்ளே தனியாகக் கிடந்தது. மஷூர் அதை உள்ளே தள்ளிக் காட்டினார். சமதரையில் குறைந்த புகை வரும்போது அது கீழே படுத்துக் கிடக்கிறது. மேட்டில் எஞ்சின் முழுப்பலத்தோடு ஊதும்போது, புகை அதைத் தூக்கி வெளிவாய் மேல் சாத்துகிறது. ஊத ஊத இன்னும் இறுக்கமாகச் சாத்துகிறது. எஞ்சினை அணைத்தால் விழுகிறது. சில நாள் கோணலாக எங்காவது சிக்கிக்கொண்டு எழும்புவதே இல்லை. அன்றைக்குக் கார் ஒரு பேச்சில்லாமல் ஏறுகிறது.

"இவ்வளவு துரு எங்கேருந்து நானா வந்துச்சு?" என்று கேட்டான் அஜந்தன். அவன் குரலில் இப்போது உயிர் இருந்தது.

"மூக்கப் பள்ளத்துப் பக்கமா வெச்சா வால் எங்க பாக்கும்? வானத்த. நம்மட ஊர் மழைக்கு, அந்தக் கொழாய் வாய் ஆன்னு தொறந்து ஈக்கி. எஞ்சின் விடுற தண்ணியும் வெளிய ஒழுக ஏலாம உள்ளுக்கே நிக்கிது. ஒரு வருஷம் ஊறினா இரும்பு என்ன செய்யும், பாவம்!"

"சரி, எல்லாப் பாவமும் என் தலையிலதான்," என்றான் அஜந்தன்.

"இல்லாட்டி யார்ட தலையில? தங்கச்சிட தலையிலயா? அதுக்குள்ள வேற சாமான் ஈக்கி."

அஜந்தன் சிரித்தான். சுதர்ஷினிக்குச் சிரிப்பு வரவில்லை. "மஞ்சள் லைட்?" என்றாள்.

மஷூர் பிளக்குகளைக் கழற்றினார். இரண்டில் கரி அப்பியிருந்தது. அவற்றில் பொறி சரியாக விழாமல், ஓடும்போதும் கொஞ்சம் பெட்ரோல் எரியாமல் கன்வர்ட்டருக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. கன்வர்ட்டருக்கு வயதாகியிருக்கிறது, சுமக்க முடியாத சுமையும் ஏறியிருக்கிறது, ஆனால் உருகவில்லை. சுமையைக் குறைத்துக் கொடுத்தால் தன் வேலையைச் செய்யும் என்று நினைக்கிறேன் என்றார். "நினைக்கிறேன்" என்ற அந்தச் சொல் அவளை எமிஷன் டெஸ்ட் வரை விடாமல் அரித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் வரும்போதும் ரோட்டில் ஒரு கண்ணும் டேஷ்போர்டில் ஒரு கண்ணுமாகவே ஓட்டினாள். மஷூர் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டி அணைத்துவிட்ட மஞ்சள் விளக்கு திரும்ப எரியவில்லை. டெஸ்ட் நிலையத்தில், வால்குழாயில் செருகிய கம்பியை வெளியே எடுத்துவிட்டு, அங்கிருந்த பெண் பாஸ் என்று சொன்னபோதுதான் சுதர்ஷினி வயிறு நிறைய மூச்சு விட்டாள்.

செய்தது இவ்வளவுதான்: பின் சைலன்சருக்குப் பதிலாக, பழைய காரில் கழற்றிய நல்லதொன்றைப் பூட்டினார்கள். புது பிளக்குகளும் புதுப் பேட்டரியும் போட்டு, உருட்டி ஸ்டார்ட் செய்வதை விட்டார்கள். லயத்து முன்னால் காரை மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தினார்கள். கன்வர்ட்டரைத் தொடவில்லை. கார் மூன்றாம் முடக்கில் நிற்காமல் ஏறுகிறது.